ஸ்கோர் பாக்க விடாம பெட்டிங் விளம்பரம்
மதுரைல இருக்கேன், ஆண்ட்ராய்டு 13 போன், ஸ்கோர் ஆப்ப திறந்தா ஓவருக்கு ஒரு தடவ பெட்டிங் சைட் விளம்பரம் ஸ்கிரீன் முழுக்க வந்து நிக்குது. 2025 ஆகஸ்ட்ல சட்டம் வந்து காசு கட்டி டீம் போட்டு ஆடுற ஃபேன்டஸி கேம எல்லாம் மூடுனப்ப அப்பாடானு இருந்துச்சு (அவங்க விளம்பரத்தோட கடைசில "அடிமையாகலாம்"னு ரயில் வேகத்துல படிச்சுட்டு ஓடுவானுங்களே), இப்ப ரெண்டு மாசமா பேரே கேள்விப்படாத வெளிநாட்டு சைட்டுங்க. பன்னெண்டாவது படிக்கிற தம்பியும் இதே போன்லதான் ஸ்கோர் பாக்குறான், அதான் பயம். 1909க்கு டிஎன்டி (விளம்பர கால், எஸ்எம்எஸ் வேணாம்னு பதியுறது) போட்டேன், எஸ்எம்எஸ் நின்னுச்சு, ஆப்ல நிக்கல. விளம்பர ஐடிய (நம்மள அடையாளம் வச்சு விளம்பரம் காட்ட போன்ல இருக்குற நம்பர்) டெலீட் பண்ணேன், ரிப்போர்ட் அடிச்சேன், ஆப்ப தூக்கிட்டு திரும்ப போட்டேன், ரெண்டே நாள்ல பழையபடி. வேற ஆப் மாத்துனாலும் அதே கததான். ரூட் பண்ணாம (போன் சிஸ்டத்தோட பூட்ட உடைக்காம) இந்த பெட்டிங் விளம்பரத்த மட்டும் பிளாக் பண்ண யாருக்காச்சும் வழி தெரியுமா?