ஐசாலிலிருந்து வந்த குழு: புதுப்பிப்பு

மிசோரம் ஐசாலிலிருந்து எட்டு இளைஞர்கள் பத்து நாள் கிறிஸ்தவ ஊழியத்துக்குக் காரைக்குடி வருகிறார்கள், முன்கூட்டி என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி. நேற்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

சாப்பாட்டை நினைத்துத்தான் அதிகம் பயந்தோம். வீண் பயம், அவர்களும் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

சிக்கல் மொழிபெயர்ப்பில் வந்தது. ஆங்கிலத்தில் பாதி வாக்கியம் சொல்லி நிறுத்துவார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வரும்? நான் வாயைத் திறக்க முடியாமல் நிற்பேன். இரண்டாம் நாள் 'சின்ன வாக்கியம், ஆனால் முழு வாக்கியம்' என்று விதி போட்டோம். சரியாகிவிட்டது.

அவர்கள் ஊரில் 'சிபாய்' (மிசோ மொழியில் வணக்கம்) சொல்லிக் கை குலுக்குவது வழக்கம். இங்கே ஆச்சிகளிடம் கை நீட்டினால் என்னாவது! கும்பிடப் பழக்கினோம். அப்புறம் "ஆச்சி, சாப்பிட்டீங்களா?" போதும், திண்ணையிலேயே காபி வந்துவிடும்.

நான் சொல்ல மறந்தது ஒன்று: 'பார்க்கலாம்' என்றால் பெரும்பாலும் 'இல்லை'. அதை நம்பி ஜெபக்கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள், பாவம். வந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் எங்கள் சபையின் உபதேசியார்.