சித்திக்கு மறுபடியும் அரிப்பு

குழு: மேலத்தெரு வீடு

செல்வி: (புகைப்படம்) அக்கா, மறுபடியும் வந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்குழிப் பக்கம். ராத்திரி முழுக்கச் சொறிந்து சொறிந்து தோல் கன்றிப்போய்விட்டது.

மரகதம்: ஆடியில் சரியாயிற்றே? கத்தரிக்காய் சாப்பிட்டாயா?

செல்வி: கத்தரிக்காய், கருவாடு, கடலை எல்லாம் விட்டு இரண்டு மாதம் ஆகிறது. இனி விடுவதற்குச் சோறுதான் பாக்கி.

துரை: (பலமுறை பகிரப்பட்டது) இரத்தத்தைச் சுத்தமாக்கும் 7 மூலிகைகள்!!!

பிரபு: மாமா, இதையே போன வாரம் சர்க்கரைக்கு என்று அனுப்பினீர்கள்.

துரை: எல்லாவற்றுக்கும் கேட்கும்டா.

மரகதம்: குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் போடு செல்வி. ஆடியில் அதற்குத்தானே கேட்டது.

செல்வி: போட்டாயிற்று. இந்தத் தடவை எரிச்சல்தான் கூடியது. மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தார்கள். தடவினால் இரண்டே நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் பத்து நாளில் பழைய கதைதான்.

காயத்ரி: சித்தி, அந்த டியூபை இனி நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருக்கும். விடாமல் போட்டால் தோல் மெலிந்துவிடும். வேறு எங்காவது அரிக்கிறதா?

செல்வி: இடது மணிக்கட்டில், உள்பக்கம். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு.

காயத்ரி: அங்கே என்ன போட்டிருக்கிறீர்கள்?

செல்வி: தங்க வளையல்தான்.

காயத்ரி: வளையலைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்.

செல்வி: (புகைப்படம்)

பிரபு: அம்மா, வளையலில் ஐந்து ஊக்கு தொங்குகிறது. நடமாடும் ஃபேன்சி ஸ்டோர்!

செல்வி: அவசரத்துக்கு வேண்டாமா? தாலிக்கயிற்றிலும் நாலு கிடக்கிறது.

காயத்ரி: எனக்கு அந்த ஊக்குகள் மேல்தான் சந்தேகம் சித்தி. அதன் மேல் நிக்கல் முலாம் பூசியிருப்பார்கள். வியர்வை பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலில் இறங்கும். காலேஜில் கவரிங் தோடு போட்டு எனக்குக் காது புண்ணாயிற்றே, அப்போது டாக்டர் சொன்னது இது. பட்டதும் அரிக்காது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். நாம் நேற்றுச் சாப்பிட்ட கத்தரிக்காயைத் திட்டிக்கொண்டிருப்போம்.

செல்வி: 25 வருடமாக மாட்டியிருக்கிறேன். இப்போது என்ன புதிதாக?

காயத்ரி: எப்போது வேண்டுமானாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பிறகு மாறாது.

துரை: தாலியைக் கழற்றச் சொல்கிறாயா நீ?

காயத்ரி: தாலியை யார் கழற்றச் சொன்னார்கள் மாமா? ஊக்கை.

மரகதம்: கயிற்றில் இருக்கிற மஞ்சள் சாயமாகவும் இருக்கலாமே?

காயத்ரி: இருக்கலாம் அம்மா. ஆனால் மணிக்கட்டில் கயிறு இல்லையே. இரண்டு இடத்திலும் இருப்பது ஊக்குதான்.

செல்வி: இரு, இரு. ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாற்றும்போது ஊக்குகளை எல்லாம் கழற்றி டப்பாவில் போட்டேன். வளையலையும் மெருகு போடக் கொடுத்திருந்தேன். பத்து நாள் கழித்துத்தான் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். அந்தப் பத்து நாளில்தான் அரிப்பு அடங்கியது.

பிரபு: அப்படியென்றால் குப்பைமேனிக்குக் கொடுத்த பாராட்டு?

மரகதம்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

மூன்று வாரம் கழித்து

செல்வி: தோல் டாக்டரிடம் போய் வந்தோம். முதுகில் வரிசையாக மருந்துப் பொட்டுகள் வைத்து ஒட்டினார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக் கூடாதாம். புழுக்கத்தில் உயிர் போய்விட்டது. பிரித்துப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். நிக்கல் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. கயிற்றையும் ஒரு துண்டு வெட்டி ஒட்டினார், அதில் ஒன்றும் இல்லை.

துரை: தங்கம்?

செல்வி: 22 காரட் பயமில்லையாம் அண்ணா. கவரிங் வேண்டாம் என்றார். ஜாக்கெட் கொக்கி தோலில் படாமல் உள்பக்கம் துணிப்பட்டி வைத்துத் தைக்கச் சொன்னார்.

காயத்ரி: இப்போது எப்படி இருக்கிறது?

செல்வி: மணிக்கட்டு சுத்தமாக ஆறிவிட்டது. நெஞ்சில் கருப்பாய்த் தழும்பு மட்டும் இருக்கிறது. நேற்று எதிர்வீட்டு அக்கா வந்து ஊக்கு கேட்டார். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

மரகதம்: தை மாதக் கல்யாணத்துக்கு உன்னை நம்பித்தான் நான் ஊக்கு எடுத்துவர மாட்டேன்.

செல்வி: பர்ஸில் ஒரு மாத்திரை டப்பா நிறைய வைத்திருக்கிறேன் அக்கா. நீ சேலையை மட்டும் எடுத்துவா.