எர்த் சுவிட்சைத் திறக்கும்போது ஆர்க்: வழக்கமா, கோளாறா?

கேள்வி:
220 கேவி டபுள் சர்க்யூட் லைன் (ஒரே டவரில் இரண்டு சர்க்யூட்). ஒன்றைப் பராமரிப்புக்கு எடுத்து இரு முனையிலும் எர்த் சுவிட்ச் (லைனை நிலத்தோடு இணைக்கும் சுவிட்ச்) போட்டோம். பக்கத்துச் சர்க்யூட் லோடில் ஓடுகிறது. வேலை முடிந்து எங்கள் முனையில் முதலில் திறந்தால், பிளேடு நுனியில் நீளமாக ஆர்க் இழுக்கிறது. மறுமுனையை அவர்கள் முதலில் திறந்தாலும் பொறி பறக்கிறது, ஆனால் வேறு மாதிரி. கைப்பிடி சுற்றும் மாடல்தான். பிளேடைக் கவ்வும் விரல் காண்டாக்ட்கள் குழி விழுந்துவிட்டன. டெட் லைனில் கரண்ட் ஏது?

பதில் 1:
டெட் என்றால் சோர்ஸ் இல்லை, அவ்வளவுதான். இரு முனையும் எர்த் ஆனால் லைனும் நிலமும் சேர்ந்து ஒரு மூடிய சுற்று. பக்கத்து லைனின் லோடு கரண்ட் அதில் காந்தப்புலத்தால் கரண்டைத் தூண்டும். முதலில் திறக்கிற சுவிட்ச் வெட்டுவது அதைத்தான். கடைசியாகத் திறக்கிறது, பக்கத்து லைனின் வோல்டேஜ் மின்புலத்தால் தூண்டும் கெபாசிட்டிவ் கரண்டை வெட்டும். அதனால்தான் இரண்டும் வேறு மாதிரி தெரிகிறது.

ஐஇசி 62271-102 என்ற சர்வதேசத் தரத்தில், இப்படித் தூண்டப்பட்ட கரண்டை வெட்டும் திறனுக்கென கிளாஸ் ஏ, பி இருக்கிறது. நெடுந்தூரம் இணையாக ஓடும் லைனுக்கு பி வேண்டும். பெயர்ப்பலகையையும் டைப் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் பாருங்கள். இ1, இ2 என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஷார்ட் சர்க்யூட்டின் மேல் 2 அல்லது 5 தடவை மூடும் திறன், திறப்பதற்குச் சம்பந்தமில்லை. கிளாஸ் இல்லாத சுவிட்சை மெதுவாகச் சுற்றித் திறந்தால் விரல்கள் கரியாகத்தான் செய்யும்.

பதில் 2:
குழி விழுந்த விரலை அரம் போட்டு ராவாதீர்கள், மிச்சமிருக்கும் வெள்ளிப் பூச்சும் போய்விடும். மாற்றிவிடுங்கள். பிறகு 100 ஆம்பியர் டிசி விட்டு காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் எடுத்து மூன்று பேஸையும் ஒப்பிடுங்கள். கீல் பக்கத்துச் செம்புப் பின்னலையும் பாருங்கள். இழைகள் அறுந்திருந்தால் ஃபால்ட் கரண்டில் முதலில் போவது அதுதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். இன்னொன்று: சில நாள் இரு முனையும் ஐசோலேட் ஆன பிறகும் எர்த் சுவிட்சின் இன்டர்லாக் காயில் (சுவிட்சை மூட விடும் பூட்டின் மின்காந்தச் சுருள்) எடுப்பதில்லை.

பதில் 1:
மறுமுனை திறந்திருக்கிறதா என்று உங்கள் முனை ஐசோலேட்டருக்கு (லைனைப் பிரித்து வைக்கும் சுவிட்ச்) தெரியாது. அதனால் சிவிடி (லைன் வோல்டேஜைக் குறைத்துக் காட்டும் கருவி) வழியாகப் பார்த்து, வோல்டேஜ் இல்லை என்று அண்டர்வோல்டேஜ் ரிலே சொன்னால்தான் இன்டர்லாக் விடும். எர்த் ஆகாத லைனில் பக்கத்துச் சர்க்யூட் தூண்டும் வோல்டேஜே பல கேவி வரும். ரிலே செட்டிங் அதற்குக் கீழே இருந்தால் காயில் எடுக்காது. சிவிடி எம்சிபி (அதன் வயரிங்கைக் காக்கும் சிறு பிரேக்கர்) ட்ரிப் ஆகியிருந்தாலும் இன்டர்லாக் தடுக்க வேண்டும். எம்சிபியின் நிலையைச் சொல்லும் ஆக்சிலரி காண்டாக்ட் இன்டர்லாக் சர்க்யூட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எம்சிபி விழுந்த உயிருள்ள லைனும் ரிலேக்கு டெட் லைன்தான். எந்தக் காரணத்துக்கும் காயிலின் பிளஞ்சரை (பூட்டுத் தண்டை) கையால் அழுத்தாதீர்கள்.

பதில் 2:
எர்த் போடும் முன் வோல்டேஜ் டிடெக்டரை முதலில் உயிருள்ள இடத்தில், பிறகு லைனில், மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று பேஸ் பிளேடையும் யார்டில் நின்று கண்ணால் பாருங்கள். பேனல் விளக்கு போதாது.