தபால்தலை இல்லாமல் வந்த உறைகள்: உங்களுக்கு என்ன அனுபவம்?

எனக்கு ஒன்பது வயதில் தொடங்கிய பழக்கம் இது. அப்பாவுக்கு வரும் கவர்களின் மூலையைக் கத்தரித்துக் கிண்ணத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஸ்டாம்ப் தானாகப் பிரிந்து வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா. அவர் கடிதம் போட்டால் ஐந்து ரூபாய் தபால்தலை ஒன்றை ஒட்டமாட்டார். ஒரு ரூபாய், ஐம்பது பைசா என்று பிரித்துப் பிரித்து ஒட்டுவார், எனக்குக் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று.

2013ல் அவரிடமிருந்து ஒரு ரெஜிஸ்டர் தபால் வந்தது. ஸ்டாம்பே இல்லை. கவுன்ட்டரில் எடை போட்டு, பணம் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் அச்சடித்த வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். பார்கோடு, எடை, தொகை, தேதி, அஞ்சலகத்தின் பெயர், அவ்வளவுதான். உடம்பு முடியாமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எனக்கு அன்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் கையெழுத்து இருந்ததால் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஆல்பத்தில் வைத்தேன். பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை.

போன மாதம் ஆல்பத்தைத் திறந்தால் அந்த ஸ்டிக்கர் வெறும் வெள்ளைத் தாள். ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. முகவரியைப் பேனாவால் எழுதியதால் அது மட்டும் அப்படியே இருக்கிறது. கடிதத்தில் அவர் தேதி போடவில்லை. அது என்றைக்கு, எந்த ஊர் அஞ்சலகத்தில் கொடுத்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த அச்சுதான். 'இதெல்லாம் ஒரு தபால்தலையா' என்று அன்று நினைத்தேனே, அது இன்னும் உறுத்துகிறது.

கம்ப்யூட்டர் அச்சு தபால்கட்டணத்தை நீங்கள் யாராவது சேர்க்கிறீர்களா? எப்படிப் பாதுகாக்கிறீர்கள்? எழுதுங்கள்.

*

அண்ணா, நான் யாழ்ப்பாணம், இப்போது லண்டன். எங்களுக்கு ஸ்டாம்ப் என்றால் முத்திரை. உங்கள் பெரியப்பாவின் உறையை வாசித்துவிட்டு என் ஆல்பங்களை எல்லாம் இறக்கிப் பார்த்தேன்.

அது தெர்மல் தாள். அதில் மை கிடையாது. தாளின் மேல் பூச்சு சூட்டில் கறுப்பதுதான் எழுத்து. வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. பிவிசி பிளாஸ்டிக் இன்னும் மோசம், அதை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் எழுத்தைத் தின்றுவிடும். பாலியெஸ்டர் உறையில் போட்டு, இருட்டில் வையுங்கள். அதற்கு முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

இங்கே 2008ல் 'போஸ்ட் அண்ட் கோ' இயந்திரங்கள் வந்தன. கடிதத்தைத் தட்டில் வைத்தால் எடை பார்த்துக் கட்டணத்தை அச்சடித்துத் தரும். 2010ல் அந்தச் சீட்டில் பறவைப் படங்கள் வந்தபோது நானே வரிசையில் நின்று வாங்கினேன். படம் முன்கூட்டியே வண்ணத்தில் அச்சானது, கட்டணம் எழுதிய வரி மட்டும் இயந்திரம் அடிப்பது. இன்று பறவை பளிச்சென்று இருக்கிறது, கீழே வரி மங்கிப் போய்விட்டது.

2022ல் சாதாரண முத்திரைகளிலும் பக்கத்தில் பார்கோடு வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. பார்கோடு இல்லாத ராணி தலை முத்திரைகள் 2023 ஜூலை 31க்குப் பிறகு கடிதத்துக்குச் செல்லாது என்றாகிவிட்டது. படம் போட்ட நினைவு முத்திரைகள் மட்டும் தப்பின. ஒன்று சொல்கிறேன், பார்கோடை வெட்டி எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் பாதி முத்திரைதான்.

*

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன், ஊர் கோவை. இங்கே 2020 டிசம்பரிலிருந்து செயலியில் பணம் கட்டினால் ஒரு குறி வரும். உறையின் வலது மேல்மூலையில் '#போர்ட்டோ' என்ற சொல்லை அவர்கள் மொழியில் எழுதி, அதன் கீழே அந்தக் குறியைப் பேனாவாலேயே எழுதிவிடலாம். ஸ்டிக்கரும் இல்லை, பிரின்டரும் இல்லை. அப்படி எனக்கு வந்த முதல் உறையை, ஸ்டாம்ப் ஒட்ட மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். இரவு பத்து மணிக்கு ஞாபகம் வந்து போய் எடுத்தேன். இப்போது அது என் சேகரிப்பில் முதல் பக்கம். ஒருவர் கையெழுத்தே தபால்கட்டணமாக இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

*

வணக்கம் சார். நான் கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் வருத்தப்பட்டதை வாசித்தேன், அந்தப் பக்கமிருந்தும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது ஸ்டாம்ப் எடுத்து, எண்ணி, மாலையில் இருப்புக் கணக்கும் காட்டுவதைவிட அச்சடிப்பது சீக்கிரம் முடியும். பார்கோடு இருந்தால்தான் தபால் எங்கே போகிறது என்று பார்க்கவும் முடியும்.

ஆனால் ஸ்டாம்ப் வேண்டும் என்று கேட்பவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வாருங்கள். கூட்டமில்லாத நேரமாக வாருங்கள். 'தேதி முத்திரை தெளிவாக விழட்டும், ஸ்டாம்ப் மேல் பேனாக் கோடு வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சேகரிப்பாளர் ஒருவர் என்னிடம் மாதம் ஒரு முறை வருவார். அவர் வந்தால் மை போதுமா என்று காகிதத்தில் ஒரு முறை குத்திப் பார்த்துவிட்டுத்தான் அவர் கவரில் குத்துவேன்.

இன்னொன்று. 2025ல் ரெஜிஸ்டர் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. உங்கள் பெரியப்பாவின் உறை மாதிரியானது இனி வராது. எழுத்து அழிந்திருந்தாலும் அந்த ஸ்டிக்கரைப் பிரித்துவிடாதீர்கள்.

*

எல்லோருக்கும் நன்றி. சார், உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். பிரிக்கமாட்டேன். லண்டன் தம்பி சொன்னபடி என்னிடம் உள்ள ஸ்டிக்கர் உறைகளையெல்லாம் பிவிசியிலிருந்து எடுத்துவிட்டேன், மொத்தம் 41. அதில் ஏழு முழுக்கப் போய்விட்டன. மீதியை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றின் தேதியையும் ஊரையும் ஆல்பப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருகிறேன். பெரியப்பாவின் உறைக்குக் கீழே இப்போதைக்கு '2013' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இப்போது முப்பது வயது இருக்கும். ஊருக்குப் போகும்போது, எந்த அஞ்சலகத்தில் கொடுத்தான் என்று கேட்கப் போகிறேன்.