பின் கிளட்ச் பிரஸ்ஸுக்கு லைட் கர்ட்டனா?

கோவை டூல்ரூம்
இன்னும் உறுத்துது. தகடு அடிக்கிற பின் கிளட்ச் பவர் பிரஸ் (ஒரு பின் விழுந்து, சுத்துற கனமான ஃப்ளைவீலோட ராமைக் கோக்கும்), முன்னாடி புத்தம்புது லைட் கர்ட்டன் (ஒளிக்கதிர் வரிசை, கை குறுக்க வந்தா மெஷினை நிறுத்தச் சொல்லும்). ஆடிட்டர் கையை நீட்டுறார், சிவப்பு விளக்கு எரியுது, டிக் போட்டுட்டுப் போயிட்டார். ராம் (மேலும் கீழும் போய் அடிக்கிற பாகம்) அப்ப மேலேயே நிக்குது! பின் ஒருதடவை விழுந்துட்டா முழு ஸ்ட்ரோக் முடிஞ்சுதான் நிக்கும். கர்ட்டன் மோட்டாரை ஆஃப் பண்ணும், அவ்வளவுதான். ஃப்ளைவீல் சுத்திட்டே இருக்குமே.

ஓசூர் மெயின்டனன்ஸ்
கர்ட்டன் மேல பழி போடாதீங்க. நியூமேடிக் கிளட்ச், பிரேக் உள்ள பிரஸ்ல அது நல்லாவே வேலை செய்யும். கோட்டை விடுறது தூரத்துல. ஐஎஸ்ஓ 13855 (பாதுகாப்பு தூரத்துக்கான தரநிலை, 2010 பதிப்பு) கணக்குல, பீம் வெட்டினதிலிருந்து ராம் நிக்க 0.2 செகண்ட்னா 14 மிமீ ரெசல்யூஷன் (அது கண்டுபிடிக்கிற மிகச் சின்ன பொருளோட அளவு) கர்ட்டன் டையிலிருந்து (தகட்டை அடிக்கிற அச்சு) 400 மிமீ தள்ளி இருக்கணும். 30 மிமீ ரெசல்யூஷன்னா 500. ஒரு இடத்துல கண்ணால பார்த்தது, ஒரு சாண் கூட இல்லை. பிரேக் லைனிங் தேயத் தேய நிக்கிற நேரமும் கூடும், அதை யாரும் திரும்ப அளக்கிறதில்லை.

அம்பத்தூர் ஜாப்வொர்க்
ரெண்டு கையும் டைக்கு வெளிய இருக்கணும்னு வைக்கிற ரெண்டு கை பட்டன்ல ஒண்ணுக்கு மரச்சிம்பு சொருகி வச்சிருந்ததைப் பார்த்தேன். ரெண்டு பட்டனும் 0.5 செகண்டுக்குள்ள சேர்ந்து அழுந்தணும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ரெண்டையும் விட்டு அழுத்தணும். அதைச் சரிபார்க்கிற ரிலே இல்லாம வெறும் சீரீஸ் வயரிங்.

பின் கிளட்ச் வச்சிருக்கிறவங்க செய்ய வேண்டியது ஃபிக்ஸட் கார்டு (டையைச் சுத்தி இறுக்கி வைக்கிற தடுப்பு). தகடு போற சந்து 6 மிமீக்குள்ளன்னா டையிலிருந்து 10 மிமீ தள்ளி இருந்தா போதும். 8 மிமீன்னா 20. 10 மிமீ ஆயிட்டா 80. கார்டை ஸ்பேனர் இல்லாம கழட்ட வரக்கூடாது. விங் நட் போட்டா மதியமே மூலையில கிடக்கும். அப்புறம் ரிப்பீட் அடிக்கிறது: பெடலை மிதிக்காமலே ராம் ரெண்டாவது தடவை இறங்கும். லாட்ச் (பின்னைத் தடுத்து வைக்கிற கொக்கி) ஸ்பிரிங் உடைஞ்சிருக்கும், இல்லைன்னா பின் முனை மழுங்கியிருக்கும். இழுவை ஸ்பிரிங் உடைஞ்சா லாட்சை விட்டுடும்; ராடுக்குள்ள ஓடுற கம்ப்ரெஷன் ஸ்பிரிங்கா மாத்துங்க, உடைஞ்சாலும் ஓரளவு தள்ளும். டை மாத்தும்போது மோட்டார் ஆஃப், ஃப்ளைவீல் முழுசா நின்னாச்சான்னு பார்த்து, ராமுக்குக் கீழ பிளாக், மெயின் சுவிட்சுல டை மாத்துற செட்டரோட சொந்தப் பூட்டு. சாவி அவர் பாக்கெட்டுலதான்.

கோவை டூல்ரூம்
இதெல்லாம் யார் கேட்டா? நீளத் தகட்டை உள்ள தள்ளிட்டே போற ஸ்ட்ரிப் ஃபீடிங்குக்கு ஃபிக்ஸட் கார்டு சரி. ஏற்கெனவே டிரா பண்ணின (தகட்டை அழுத்திக் குழிவாக்கின) கப்பை ஒவ்வொண்ணா வைக்கிற செகண்ட் ஆபரேஷனுக்கு 10 மிமீ சந்துல எப்படி நுழைப்பீங்க?

அம்பத்தூர் ஜாப்வொர்க்
ஸ்லைடிங் டை. வெளிய இழுத்து கப்பை வச்சு உள்ள தள்ளணும். முழுசா உள்ள போனாத்தான் பெடல் லாக் விடும்.