புதுப்பிப்பு: மூக்கு கழுவும் தண்ணீர் பற்றி ஒரு திருத்தம்

சைனஸ் தொற்றுக்கு உப்புநீரில் மூக்கு கழுவுவது பற்றி எழுதியபோது ‘சுத்தமான தண்ணீர்’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது போதாது. கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதையும் அப்படியே ஊற்றாதீர்கள். தளதளவென்று 1 நிமிடமாவது கொதித்து, வெதுவெதுப்பாக ஆறியிருக்க வேண்டும். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது.

கழுவினால் மூக்கு எரிகிறது என்று கேட்டவர்களுக்கு: உப்பு கூடினாலும் எரியும், குறைந்தாலும் எரியும். 240 மில்லி நீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. கழுவும்போது வாயால் மூச்சு விடுங்கள். பிறகு மெல்லச் சிந்துங்கள். பலமாகச் சிந்தினால் காது அடைத்துக்கொள்ளும்.

மூக்கடைப்பைத் திறக்க விடும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து 3 நாளுக்கு மேல் வேண்டாம், அடைப்பு திரும்ப வரும். 10 நாளில் சைனஸ் தொல்லை குறையாவிட்டாலோ, குறைந்து மறுபடி கூடினாலோ டாக்டரைப் பாருங்கள். கண் வீங்கினால் அன்றே ஆஸ்பத்திரி.