குளச்சல் பக்கம் ஃபைபர் அச்சு எடுப்பவங்க யாராவது தெரியுமா?

காற்று இழுவையைக் குறைக்க, மாருதி 800-க்கு பின்பக்கம் கழற்றி மாட்டுற மாதிரி 40 செ.மீ. குறுகல் வால் பொருத்துறோம். நம்பர் பிளேட்டும் லைட்டும் மறையாது. சோதனை மாதிரி ஒண்ணு சன்பேக் (உள்ளே குழலா இருக்கிற பிளாஸ்டிக்) ஷீட், அலுமினிய ஆங்கிளில் தயார்.

மேல் சரிவு 12 டிகிரி, பக்கம் 9. பொதுவா 15-ஐத் தாண்டினா காற்று ஒட்டாம பிரிஞ்சு, பின்னால அழுத்தம் குறைஞ்சு வண்டியை இழுக்கும். காற்று எப்படி ஓடுதுன்னு பார்க்க 5 செ.மீ. கம்பளி நூல்களை வரிசையா ஒட்டி 60 கி.மீ. வேகத்தில் வீடியோ எடுத்தாச்சு. மேலே நூல் படிஞ்சு ஓடுது. கூரையும் பக்கமும் சேருற மூலையில் மட்டும் சுழலுது. அங்க 6 மி.மீ. படி நிக்குது. சன்பேக்கை ரெண்டு பக்கமா வளைச்சா மடிஞ்சிடும், அதனால ஃபைபர்தான் வழி.

குளச்சல், சின்னமுட்டத்தில் வள்ளத்துக்கு ஃபைபர் அடிக்கிறவங்க யாராவது இந்தச் சின்ன வேலையை எடுப்பாங்களா? ரெண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போதும், எடை 6 கிலோவுக்குள்ள வேணும்.

அப்புறம், இழுவை எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க, நியூட்ரலில் உருளவிட்டு 70-லிருந்து 50-க்கு இறங்குற நேரத்தை அளக்கணும். ரெண்டு திசையிலும் ஓட்ட, சமமான 1 கி.மீ. ரோடு, விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாததா சொல்லுங்க. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வேண்டாம்; அந்தக் கணவாய்க் காற்று அளவையே கெடுத்துடும்.